ஓரமாகப் போ என்றால் எவ்வளவு ஓரம்?

கேள்வி: மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளில் போய் வருகிறாள். "ஓரமாப் போ" என்றால், "ஓரத்துலதான் காரெல்லாம் நிக்குதேம்மா" என்கிறாள். மாமியாரும் விடியற்காலையில் அதே ரோட்டில் கோவிலுக்கு நடக்கிறார். என்ன சொல்லி அனுப்புவது?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. பின்னால் வரும் பஸ்ஸை நினைத்து "ஓரமாப் போ" என்கிறோம். நிற்கிற காரை யாரும் நினைப்பதில்லை. நம் ஊரில் டிரைவர் சீட் வலப்பக்கம். இடது ஓரமாக நிறுத்திவிட்டு அவர் திறக்கிற கதவு சைக்கிள் வரும் வழியில்தான் நீளும், ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு. கதவில் இடிப்பதுகூடப் பரவாயில்லை. இடித்து வலப்பக்கம் சரிந்து, பின்னால் வரும் வண்டிக்கு முன்னால் விழுவதுதான் பெரிய ஆபத்து.

ஹேண்டில்பாரில் பாதியையும் கணக்கில் சேர்த்தால், காருக்கும் சைக்கிள் டயருக்கும் நடுவே ஐந்தடி வேண்டும். தெரிந்தவர் காரின் கதவைத் திறந்துவைத்து, ஐந்தடி தள்ளி சாக்பீஸால் கோடு போட்டு, நாலு தடவை அதன்மேல் ஓட்டச் சொல்லுங்கள். தெரு குறுகல் என்றால் வேகம் குறையட்டும், விரல் பிரேக்கிலேயே இருக்கட்டும். பிரேக் லைட் இப்போதுதான் அணைந்தது, சீட்டில் தலை தெரிகிறது என்றால் கதவு திறக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கார்களுக்கு நடுவே இடம் இருக்கிறதே என்று உள்ளே நுழைந்து நுழைந்து வரக் கூடாது. பின்னால் வருபவர் ஏமாந்துபோவார்.

அப்புறம் பஸ். இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். திருப்பத்தில் பஸ்ஸின் இடப்பக்கம் தெரிகிற சந்து சைக்கிளுக்கு இல்லை. பின்னாலேயே நிற்கட்டும்.

கார் ஓட்டுகிற உறவினர் இருந்தால் இதையும் காதில் போடுங்கள்: வலப்பக்கக் கதவை இடக்கையால் திறக்க வேண்டும். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருவது தெரியும். நெதர்லாந்துக்காரர்களின் பழக்கம் இது. பிரிட்டன் 2022இல் தன் சாலை விதிகளிலேயே சேர்த்துவிட்டது.

மாமியார், நடைபாதை இல்லாத இடத்தில், ரோட்டின் வலது ஓரமாக நடக்கட்டும். எதிரே வரும் வண்டி கண்ணில் படும், ஒதுங்க நேரம் கிடைக்கும். மார்கழி இருட்டில் கையில் ஒரு சின்ன டார்ச் இருந்தால் நல்லது.

சொல்ல விட்டுப்போனது: மகளின் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தி அனுப்புங்கள். பின்சக்கரத்தில் சிக்கினால், கார் எதுவும் வராமலே விழுந்துவிடுவாள்.