காசு, கதிரை, குளம்: ஆங்கிலச் சொற்கள் பற்றிய வாசகர் வினாக்கள்

இம்முறை வந்த மடல்கள் இருபதளவில் இருக்கும். அவற்றுள் பாதியில் சொல் மட்டும் இருந்தது. அச்சொல்லை எந்த வாக்கியத்தில் கண்டார்கள் என்ற குறிப்பு இல்லை. வாக்கியத்தைத் தராமல் சொல்லுக்குப் பொருள் கேட்பது, வயலைக் காட்டாமல் எத்தனை புசல் நெல் விளையும் என்று கேட்பதற்கு ஒப்பாகும் என முன்பும் எழுதியிருக்கிறேன். விடை சொல்லத் தக்கவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (பரந்தன்): ‘நியூஸ்’ என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய திசைகளின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆன சொல் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையன்று. ‘புதிது’ எனப் பொருள்படும் ‘நியூ’ என்னும் சொல்லின் பன்மையே அது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் ஆக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. அதற்கு முந்திய சொல் எதற்கேனும் இவ்வகை விளக்கம் சொல்லப்பட்டால் முதலில் ஐயுறுங்கள். அரிய விதிவிலக்கு ‘ஓகே’. 1839இல் பொஸ்டன் நகரப் பத்திரிகையொன்று, ‘எல்லாம் சரி’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களை வேண்டுமென்றே எழுத்துப் பிழையுடன் எழுதி, அவற்றின் முதலெழுத்துகளை வேடிக்கையாக அச்சிட்டதிலிருந்து அது பரவியது.

கேள்வி (ஒட்டுசுட்டான்): நமது பனைக்கு ஆங்கிலத்தில் ‘பல்மைரா’ என்று பெயர். சிரியா நாட்டில் அதே பெயருடைய பழைய நகரம் ஒன்று உண்டு. பனை அங்கிருந்தா வந்தது?

பதில்: இல்லை. போர்த்துக்கேய மொழியில் பனைவகை மரங்களுக்குப் பொதுப்பெயர் ‘பல்மெய்ரா’. இக்கரைகளில் பனையைக் கண்ட போர்த்துக்கேயர் அப்பெயரையே சூட்டினர். பின்னர் வந்த ஆங்கிலேயர், தாம் வரலாற்று நூல்களிற் படித்திருந்த நகரின் பெயரைப் போல அதன் எழுத்துகளை மாற்றிவிட்டனர். கள்ளுக்கு அவர்கள் வழங்கும் ‘டொடி’ என்னும் சொல்லும் பனையிலிருந்து இறங்கியதே. இந்தியில் ‘தாட்’ என்பது பனை, ‘தாடி’ என்பது அதன் கள். பனங்கட்டிக்கு வழங்கும் ‘ஜாகரி’யும் சீனிக்கு வழங்கும் ‘சுகர்’ என்பதும் வடமொழிச் ‘சர்க்கரா’ என்னும் ஒரே சொல்லின் பிள்ளைகள். ஒன்று மலையாளக் கரையிலிருந்து போர்த்துக்கேயர் வாயிலாகவும், மற்றையது பாரசீகம், அரபு, இலத்தீன், பிரெஞ்சு என நீண்ட வழி சுற்றியும் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

கேள்வி (ஊர் குறிப்பிடப்படவில்லை): ‘செட்’ என்றால் என்ன?

பதில்: ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு இச்சொல்லுக்கு நானூறுக்கு மேற்பட்ட பொருள்களைத் தருகிறது. தங்களுக்கு வேண்டியது எதுவென்று, வாக்கியத்தோடு எழுதுங்கள். ஊரின் பெயரையும் எழுதுங்கள்.

கேள்வி (மாங்குளம்): நீர்ப்பாசனத் திணைக்களப் பலகைகளில் குளத்தை ‘டாங்க்’ என்று எழுதியிருக்கிறார்கள். என் பேரனின் பாடநூலில் அச்சொல்லுக்கு நீர் நிரப்பும் கொள்கலன் என்று பொருள் தரப்பட்டுள்ளது. எது சரி? நாம் சொல்லும் ‘நீர்த்தாங்கி’யிலிருந்துதான் ஆங்கிலச் சொல் வந்ததா?

பதில்: ஐயா, இரண்டும் சரி. ஆனால் ஆங்கிலத்தில் மூத்த பொருள் நமது குளமே. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரையில் இறங்கிய ஆங்கிலேயர், குசராத்தியிலும் மராத்தியிலும் நீர் தேக்கும் இடத்துக்கு வழங்கிய சொல்லைக் கேட்டனர். குளத்தைக் குறிக்கும், ஏறத்தாழ அதே ஒலியுடைய சொல் ஒன்று போர்த்துக்கேயரிடமும் இருந்தது. இரண்டும் கலந்து ‘டாங்க்’ ஆயிற்று. மன்னாரின் கட்டுக்கரைக் குளம் ஆங்கிலத்தில் ‘ஜயன்ட்ஸ் டாங்க்’ எனப்படுவதும், இரணைமடுவும் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் அதே சொல்லைப் பின்னே சுமப்பதும் இப்பழைய வழக்கின் தொடர்ச்சி. கூரை மேலுள்ள கொள்கலனுக்கு அச்சொல் பின்னரே சென்றது. இங்கிலாந்திலிருந்து வரும் அகராதியை மட்டும் புரட்டும் பிள்ளைக்கு, கட்டும் துருசும் வானும் உடைய பெருங்குளம் ஒன்றை அச்சொல் குறிக்கும் என்பது தெரியாமற் போவதில் வியப்பில்லை.

போர் ஊர்திக்கு அப்பெயர் வந்த வரலாறு தனி. முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் அவ்வூர்தியை மறைவாகச் செய்துவந்தபோது, செய்யப்படுவது நீர்த் தொட்டி என்று வெளியாரை நம்பவைப்பதற்காக அப்பெயரை இட்டனர். 1916 செப்டெம்பர் 15ஆம் நாள் பிரான்சின் சொம் போர்க்களத்தில் அது முதன்முதல் இறக்கப்பட்டது, மறைபெயரே நிலைத்துவிட்டது. இந்தப் பொருளை இம்மண்ணில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

‘தாங்கி’ என்பது ‘தாங்கு’ என்னும் வினையிற் பிறந்த நல்ல தமிழ்ச் சொல், தாராளமாக வழங்குங்கள். அதனால் அது ஆங்கிலச் சொல்லுக்குத் தாய் ஆகிவிடாது. ஒலி சான்றாகாது. இதைக் கீழே விரித்து எழுதுகிறேன்.

கேள்வி (முள்ளியவளை): உரோமப் படைவீரருக்கு உப்பைச் சம்பளமாகக் கொடுத்தார்கள், அதனால்தான் ‘சாலரி’ என்ற சொல் வந்தது என்று ஆனையிறவு உப்பளத்தைப் பற்றிப் பேசிய ஒருவர் கூறினார்.

பதில்: பாதி சரி. அச்சொல் இலத்தீனின் ‘சலாரியம்’ என்பதிலிருந்து வந்தது. அதனுள்ளே உப்பைக் குறிக்கும் ‘சல்’ இருப்பதும் மெய். ஆனால் வீரருக்கு உப்பை அளந்து கொடுத்தார்கள் என்று பழைய உரோம ஆசிரியர் எவரும் எழுதவில்லை. வீரர் பெற்றது வெள்ளி நாணயம். அக்கொடுப்பனவின் பெயர் ‘ஸ்டிபெண்டியம்’. இன்று மாணவருக்கும் பயிலுநருக்கும் வழங்கும் ‘ஸ்டைபெண்ட்’ அதன் வழிவந்தது. ‘சலாரியம்’ பெரும்பாலும் உயர் அலுவலருக்கு உரியதாயிருந்தது. ‘சம்பளம்’ என்பதைச் சம்பா, அளம் எனப் பிரித்து நெல்லும் உப்பும் காட்டுவோரும் உளர். அவர்களிடமும் நான் கேட்பது பழைய எழுத்துச் சான்றையே.

கேள்வி (புதுக்குடியிருப்பு, மாணவி): ‘ஐலண்ட்’ என்னும் சொல்லில் ஒலிக்காத எஸ் எழுத்து ஏன் இருக்கிறது?

பதில்: படித்தவர்கள் செய்த பிழை, தங்கையே. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லில் எஸ் இல்லை; ஒலிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. தீவைக் குறிக்கும் இலத்தீன் சொல் ‘இன்சுலா’. அதன் வழியில் பிரெஞ்சிலிருந்து வந்த ‘ஐல்’ என்னும் வேறொரு சொல்லோடு இதற்கு உறவு உண்டென்று தவறாக எண்ணி, 16ஆம் நூற்றாண்டளவில் எஸ் எழுத்தை நடுவே செருகினர். ‘சுவரில்’ என்று எழுத வேண்டியதைச் ‘சுவற்றில்’ என எழுதித் திருத்தமாய் எழுதியதாக மகிழ்பவர்களைப் போன்றவர்கள் எல்லா மொழியிலும் இருந்திருக்கிறார்கள்.

கேள்வி (துணுக்காய்): ‘காஷ்’ என்பது காசு, ‘கில்’ என்பது கொல், ‘வன்’ என்பது ஒன்று, ‘எயிட்’ என்பது எட்டு, ‘கல்வெட்’ என்பது கல்வெட்டு. இவையெல்லாம் தமிழிலிருந்து போனவை என்பதை ஆங்கில அகராதிகள் ஏன் மறைக்கின்றன?

பதில்: எதுவும் மறைக்கப்படவில்லை. இத்தகைய பட்டியல் எனக்கு மாதந்தோறும் ஒன்றாவது வந்துவிடுகிறது. பட்டியலை அனுப்புபவர்களில் அகராதியைத் திறந்து பார்த்தவர் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணிக்கொண்டு செய்யும் இக்காரியம், தமிழ் மெய்யாகவே கொடுத்த சொற்களையும் பிறர் நம்பாதவாறு ஆக்கிவிடுகிறது என்பதே என் நெடுநாள் மனக்குறை. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘வன்’ என்பதன் தொடக்கத்தில் இன்று நாம் கேட்கும் வகர ஒலி பிற்காலத்தது. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. ஜெர்மனில் ‘ஐன்’, இலத்தீனில் ‘ஊனுஸ்’. அதே சொல் உள்ளடங்கிய ‘ஒன்லி’, ‘அலோன்’ ஆகியவற்றில் இன்றும் வகரம் இல்லை. ‘எயிட்’ என்பதில் ஒலிக்காமல் நிற்கும் எழுத்துகள் ஒருகாலத்தில் தொண்டையில் ஒலித்தவை. ஜெர்மனின் ‘அஹ்ட்’, இலத்தீனின் ‘ஒக்டோ’, வடமொழியின் ‘அஷ்ட’ ஆகியவற்றோடு வைத்துப் பாருங்கள். அந்நடு ஒலி தேய்ந்த பின்னர்தான் அது நமது எட்டைப் போலக் கேட்கத் தொடங்கியது. ‘கில்’ என்பது 13ஆம் நூற்றாண்டில் முதன்முதல் எழுத்தில் தோன்றியபோது அதன் பொருள் கொல்லுதல் அன்று, அடித்தல். ‘கல்வெட்’ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் எழுத்தில் வந்த சொல். அதன் மூலம் அறியப்படவில்லை என்று அகராதியே ஒப்புக்கொள்கிறது. மூலம் அறியப்படாத சொல் உரிமையாளர் இல்லாத காணி அன்று, நாம் வேலி போட்டுக்கொள்வதற்கு.

‘காஷ்’ சுவையானது, ஏனெனில் ஆங்கிலத்தில் அவ்வெழுத்துகளோடு இரண்டு சொற்கள் உண்டு. கடையில் நாம் கொடுக்கும் ரொக்கத்தைக் குறிப்பது பெட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து, பிரெஞ்சு வழியாகவோ இத்தாலி மொழி வழியாகவோ வந்தது. அது தொடக்கத்தில் பணப்பெட்டியையே குறித்தது, ‘காஷியர்’ அப்பெட்டியைக் காப்பவர். மற்றையது, தென்னிந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறு செப்புக் காசைக் குறித்த பழைய வணிகச் சொல். அதுதான் நமது ‘காசு’, போர்த்துக்கேயர் வாய்வழி போனது. பட்டியலிடுபவர்கள் இந்த இரண்டாவதை அறியாமல் முதலாவதற்கு உரிமை கோருகிறார்கள். உள்ள சொத்தைக் கைவிட்டு இல்லாத சொத்துக்கு வழக்காடுகிறார்கள்.

மெய்யாகத் தமிழிலிருந்து போனவை வேண்டுமானால், எல்லா அகராதிகளும் ஏற்றுக்கொண்டவை உண்டு. கட்டுமரம் ‘கட்டமரன்’ ஆனது. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அப்பெயரால் எழுதியிருக்கிறார். சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுதண்ணீர் ‘மலிகடோனி’ ஆனது, நமது நீர்ப்பாசன அலுவலர்கள் நாள்தோறும் எழுதும் ‘அனிகட்’ அணைக்கட்டுத்தான். இவை ஒவ்வொன்றுக்கும் எவர் கொண்டுபோனார், ஏறத்தாழ எக்காலத்தில், எவ்வழியாக என்று காட்ட முடியும். காலமும் வழியும் காட்ட முடியாதவிடத்து ஒலி சான்றாகாது. இரண்டாம் முறையும் எழுதிவிட்டேன்.

இதன் மறுபக்கத்தையும் கேளுங்கள். நீங்கள் இருந்து மடல் எழுதிய கதிரைக்கும் ஆங்கிலத்தின் ‘செயார்’ என்பதற்கும் ஒலியில் உறவு தெரிகிறதா? இரண்டும் உடன்பிறப்புகள். கிரேக்கத்தில் இருக்கையைக் குறித்த ‘கதெட்ரா’ இலத்தீனுக்குப் போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘செயார்’ ஆகவும், போர்த்துக்கேயத்தில் ‘கதெய்ரா’ ஆகி நம் வீட்டுக்குக் கதிரையாகவும் வந்தது. ஆயரின் இருக்கை உள்ள பேராலயம் ‘கதீட்ரல்’ எனப்படுவதும் அதனாலேயே.

கேள்வி (அடம்பன்): ‘அனகொண்டா’ என்பது ‘ஆனைக்கொன்றான்’ தானே?

பதில்: மேலே உள்ள பதிலுக்குப் பின் இக்கேள்வி வருவது என்னைச் சோதிப்பதற்கோ என எண்ணினேன். இது தென்னமெரிக்கப் பாம்பின் பெயராக ஆவதற்கு முன் இலங்கைப் பாம்பொன்றின் பெயராக இருந்தது உறுதி. ஜோன் ரே 1693இல் தம் விலங்கியல் நூலில், எருமைகளை நொறுக்கும் பாம்புக்கு இலங்கையர் இட்ட பெயர் என அதைக் குறித்திருக்கிறார். சிங்களத்தின் ‘ஹெனகந்தயா’ என்பதை அகராதிகள் பெரும்பாலும் மூலமாகக் காட்டுகின்றன. ஆனால் அது மெலிந்த பாம்பொன்றின் பெயர், எருமையை நொறுக்காது. தமிழ் மூலத்தைச் சொன்னோரும் 19ஆம் நூற்றாண்டிலேயே உளர். பொருள் பொருந்துகிறது, ஒலி சற்று விலகுகிறது. வழக்கு முடியவில்லை. தமிழர் என்பதற்காக நான் தீர்ப்பை முந்திச் சொல்ல மாட்டேன்.

கேள்வி (நெடுங்கேணி): ‘விண்டோ’ என்பதில் காற்றைக் குறிக்கும் ‘விண்ட்’ இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. வடகடலோடிகளின் பழைய நோர்ஸ் மொழியில் ‘காற்றுக்கண்’ என்பதே அதன் பொருள். சிலப்பதிகாரம் ‘மான்கட் காலதர்’ என்கிறது. கால் என்பது காற்று, அதர் என்பது வழி, கண்ணும் உடன் நிற்கிறது. உறவு எதுவும் இல்லை, இரு மக்களின் கற்பனை ஒன்றாயிற்று, அவ்வளவே. நாம் வழங்கும் ‘யன்னல்’ போர்த்துக்கேயம்.

கேள்வி (மடு வீதி): ‘செரண்டிபிட்டி’ நம் நாட்டின் பெயரா?

பதில்: ஆம். ‘செரண்டிப்’ என்பது அரபரும் பாரசீகரும் இலங்கைக்கு வழங்கிய பெயரின் வழிவந்தது. அந்நாட்டு இளவரசர் மூவர் தேடாததைத் தற்செயலாகக் கண்டடையும் கதையைக் கொண்டு ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் 1754இல் ஒரு கடிதத்தில் இச்சொல்லை ஆக்கினார்.

கேள்வி (வவுனியா): உங்கள் பதில்கள் மிகவும் ‘நைஸ்’. அச்சொல்லின் மூலம் என்ன?

பதில்: ‘அறியாதவன்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் மூடன். பின்னர் எதிலும் குறை காண்பவன், அதன்பின் நுணுக்கமானது, 18ஆம் நூற்றாண்டில் இனியது என மாறிற்று. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ நம்மிடையே கீழே இறங்கியது; இது மேலே ஏறியது. எந்த நூற்றாண்டின் பொருளில் எழுதினீர்கள் என்பதை உங்கள் வாக்கியம் காட்டவில்லை. கடைசிப் பொருளிலேயே எடுத்துக்கொண்டேன்.