அச்சில் பிழிந்த கிட்னி வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். கணவருக்கு வயது 47. எட்டு மாதமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என் ரத்த வகை சேரவில்லை. நாத்தனார் கிட்னி தரத் தயார், மாமியார்தான் தயங்குகிறார். இன்ஜினியரிங் படிக்கும் மகனோ, "அஞ்சு வருஷத்துல கிட்னியை 3டி பிரிண்டர்லயே அடிச்சுக் குடுத்துடுவாங்க, அத்தைய ஏன் அறுக்கணும்?" என்கிறான். அதற்காக ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) சேமித்து வைக்கலாம் என்று ஒரு ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: காத்திருக்க வேண்டாம். அந்த இரண்டு லட்சத்தையும் கொடுக்க வேண்டாம்.

மகன் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. காலக்கணக்கில்தான் அவசரப்படுகிறார். வீட்டில் முறுக்கு பிழிந்திருப்பீர்கள். இதுவும் ஏறக்குறைய அந்த வேலைதான். உயிருள்ள செல்களை ஜெலட்டின் அல்லது கடற்பாசியில் எடுக்கும் ஆல்ஜினேட்டோடு கலந்து, கணினி காட்டும் வடிவத்தில் அடுக்கடுக்காகப் பிழிகிறார்கள். மாவு கெட்டியானால் அழுத்தத்தில் செல்கள் நசுங்கிச் சாகும். தளர்ந்தால் வடிவம் நிற்காது. இந்தப் பதத்தை ஓரளவு பிடித்துவிட்டார்கள்.

தலைவலி பிழிந்த பிறகுதான். ரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளியிருந்தாலே செல் ஆக்சிஜனுக்குத் திணறும். கிட்னி ஒன்றில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் (வடிகட்டும் நுண் அலகுகள்), ஒவ்வொன்றின் தலையிலும் நுண்குழாய்ச் சுருள். இரண்டு கிட்னியும் சேர்ந்து நாளுக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியே விடுகின்றன. கிட்னியின் வடிவத்தைப் பிழியலாம். இந்தக் குழாய் வேலையை இன்னும் யாராலும் பிழிய முடியவில்லை.

அதனால்தான் ரத்தக் குழாயே இல்லாத உறுப்புப் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. 2022-ல் அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு, அவரது குருத்தெலும்புச் செல்களாலேயே அச்சிட்ட காது பொருத்தப்பட்டது. அதே ஆண்டு ஹைதராபாத் ஆய்வாளர்கள் அச்சிட்ட கருவிழியை முயலுக்கு வைத்துப் பார்த்தார்கள். ஆனால் 2019-ல் இஸ்ரேலின் டெல் அவிவில் அச்சிட்ட இதயம் செர்ரிப் பழ அளவுதான். செல்கள் சுருங்கின, ஒன்றுசேர்ந்து ரத்தம் இறைக்கவில்லை. நம் பெங்களூரின் பண்டோரம் நிறுவனம் 2015-லேயே கல்லீரல் திசுவை அச்சிட்டது. ஆனால் மருந்துகளைச் சோதிக்க உதவும் திசு அது, உடம்பில் வைக்கும் கல்லீரல் அல்ல.

ஏஜென்ட் விஷயம். இல்லாத சிகிச்சைக்கு இன்றே செல் சேமிப்பது, மனை வாங்குமுன் ஜன்னல் திரை தைப்பது போல. அந்தக் காலம் வந்தால் தோலிலோ ரத்தத்திலோ எடுத்த செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றிக்கொள்ளலாம்; மனித செல்லில் அந்த வித்தை 2007 முதலே கையில் இருக்கிறது.

இப்போது நாத்தனார். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி உடன்பிறந்தவர் நெருங்கிய உறவு, ஆகவே அனுமதி வாங்குவது எளிது. ரத்த வகை, கிராஸ்மேட்ச் (இருவர் ரத்தத்தையும் கலந்து பொருத்தம் பார்க்கும் சோதனை), சர்க்கரை, பிபி என்று எல்லாம் பார்த்துத்தான் சம்மதிப்பார்கள். மாமியாரையும் ஒருமுறை அழைத்துப் போய், மிச்சமிருக்கும் ஒரு கிட்னி எப்படி வேலையைக் கூட்டிக்கொள்கிறது என்று டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள். ஆனால் நாத்தனாரிடம் டாக்டர் தனியாகப் பேசட்டும். வீட்டார் முன்னால் "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

அவருடையது சேராவிட்டால், உங்களைப் போலவே சிக்கிய இன்னொரு தம்பதியோடு கிட்னி தானத்தை மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் முறை உண்டு. எதற்கும் இப்போதே மருத்துவமனை மூலம் இறந்தவர்கள் தானம் செய்யும் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் கர்நாடகத்தின் ஜீவசார்த்தகதே அமைப்பில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

அதுவரை ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையில் பிபி பார்க்க விடாதீர்கள். ஹீமோகுளோபின் குறைந்தால், ரத்தம் ஏற்றாமல் ஊசி மருந்தில் சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள். ஏற்றிய ரத்தத்தால் உருவாகும் ஆன்டிபாடி (அந்நியச் செல்லை எதிர்க்கும் புரதம்), பிறகு நாத்தனாரின் கிட்னியையே சேரவிடாமல் செய்துவிடலாம்.