நிலவறைக்குள் போவதா, மேலே நிற்பதா? – ஒரு பழைய பேய்ப்படம் பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சியில் எங்கள் திரைப்பட வட்டத்தில் சென்ற மாதம் திரையிட்ட படம் ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’. ஜோர்ஜ் ரொமேரோ இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம், 1968. பார்த்தவர்களில் பாதிப் பேர் புகழ்ந்தார்கள், பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள். இரு தரப்பும் எழுதி அனுப்பிய கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். தகப்பனின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்கப் போகும் அண்ணனையும் தங்கையையும் அங்கே ஒருவன் தாக்குகிறான். அண்ணன் இறந்துவிட, தங்கை பார்பரா ஓடிப்போய் ஒரு பண்ணை வீட்டுக்குள் ஒளிகிறாள். பென் என்பவனும் அங்கே வந்து சேர்கிறான். நிலவறைக்குள் ஏற்கெனவே ஐந்து பேர்: கூப்பர், அவர் மனைவி, கடிபட்டுக் காய்ச்சலில் கிடக்கும் மகள், ஓர் இளம் சோடி. வெளியே, செத்து எழும்பியவர்கள் மனித இறைச்சிக்காகக் கூடிக்கொண்டிருக்கிறார்கள். படத்தின் முடிவையும் கீழே கதைத்திருக்கிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், 96 நிமிடம்தான்.

உயர்தர மாணவர், கிளிநொச்சி: அண்ணா, எனக்குப் பயமே வரவில்லை. அந்தப் பிணங்கள் நடக்கிற வேகத்துக்குச் சைக்கிளில் ஏறி மிதித்தாலே தப்பிவிடலாம். இதை ஏன் இவ்வளவு பெரிதாகக் கொண்டாடுகிறார்கள்?

தப்பலாம் தம்பி. தப்பி எங்கே போவீர்கள்?

படத்தை இன்னொரு முறை பார்த்து, யார் யாரால் சாகிறார்கள் என்று கணக்கெடுங்கள். அந்த வீட்டில் மொத்தம் ஏழு பேர். இளம் சோடி தாங்களே சிந்திய பெற்றோலில் தீப்பிடித்து எரிகிறது. கூப்பரைச் சுடுவது பென். கூப்பரின் மனைவியைக் கொல்வது அவள் பெற்ற மகள். அந்த மகள் வீட்டுக்கு வரும்போதே கடிபட்டிருந்தவள். பென்னைச் சுடுவது காப்பாற்ற வந்த கூட்டம். வெளியே நின்றவை இழுத்துக்கொண்டு போனது பார்பரா ஒருத்தியைத்தான், அந்தக் கூட்டத்திலும் அவளுடைய செத்துப்போன அண்ணன் நிற்கிறான். நடக்கிற பிணங்களின் வேகம் இந்தப் படத்துக்குத் தேவையே இல்லை. உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் முடித்துக்கொள்ளும்வரை அவை வாசலில் நின்றால் போதும்.

அதோடு, நீங்கள் கைத்தொலைபேசியில் மத்தியானம் பார்த்ததாக உங்கள் நண்பர் சொன்னார். அப்படிப் பார்த்தால் எந்தப் பேய்தான் பயமுறுத்தும்?

குறும்படம் எடுக்கும் இளைஞர், விசுவமடு: எவ்வளவு செலவில் எடுத்தார்கள்? எங்களைப் போன்றவர்கள் இதிலிருந்து எதைப் பின்பற்றலாம்?

மொத்தச் செலவு ஏறத்தாழ 114,000 டொலர். கையில் அவ்வளவும் இருந்து தொடங்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 600 டொலர் போட்டார்கள், பிறகு எடுத்ததைக் காட்டிக் காட்டி மேலும் சேர்த்தார்கள். ரொமேரோவும் நண்பர்களும் பிற்ஸ்பேர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்தவர்கள். கமராவும் விளக்கும் கையாளத் தெரிந்த பிறகுதான் திகில் படத்துக்கு வந்தார்கள். இதைக் கட்டாயம் கவனியுங்கள். கலியாண வீட்டு வீடியோ எடுக்கிறேன் என்று நீங்கள் வெட்கப்பட்டு எழுதியிருந்தீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அதுதான் பள்ளிக்கூடம்.

அந்தப் பண்ணை வீடு இடிப்பதற்கு இருந்த வீடு. அதனால்தான் சுவரில் ஆணி அடிக்கவும் யன்னலை உடைக்கவும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையிருக்கவில்லை. காசு போட்டவர்களே நடித்தார்கள். கூப்பராக வருபவர் தயாரிப்பாளர்களில் ஒருவர். ஆரம்பத்தில் செத்துப்போகும் அண்ணனும் இன்னொரு தயாரிப்பாளர். அண்ணனும் தங்கையும் வரும் கார் அவருடைய தாயாருடையது. படப்பிடிப்பின் இடையில் யாரோ அதை எங்கோ மோதிவிட்டார்கள். திருத்தக் காசில்லை. ரொமேரோ கதையைத் திருத்தினார், கார் மரத்தில் மோதி நிற்பதாக. நசுங்கல் கதையின் பகுதியாகிவிட்டது.

படத்துக்கென்று இசையமைக்கவும் காசில்லை. இசைச் சேமிப்பகங்கள் விற்கும் ஆயத்த இசைத் துண்டுகளை வாங்கி ஒட்டினார்கள். கறுப்பு வெள்ளை என்பதால் இரத்தத்துக்குச் சொக்லேட் பாகு போதுமாக இருந்தது. கடித்துத் தின்னும் இறைச்சி, அந்தப் பாகு ஊற்றிய பன்றித் தொடை. குடல் கிடல் எல்லாம் படத்துக்கு உதவிய இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் கொடுத்தது.

ஆனால் இதை மட்டும் பார்த்து ‘காசில்லாமலும் படம் எடுக்கலாம்’ என்று கிளம்பிவிடாதீர்கள். காசில்லாமல் எடுத்த மோசமான படங்கள் உலகம் முழுவதும் குவிந்து கிடக்கின்றன. இவர்கள் செய்தது வேறு. ஒரு வீடு, ஒரு இரவு, ஏழு பேர் என்று கையிலிருந்ததற்கு ஏற்ற கதையை முதலில் எழுதினார்கள். நீங்கள் அனுப்பிய கதையில் ஹெலிகொப்டர் வருகிறது. முதலில் அதை வெட்டுங்கள்.

வாசகி, புதுக்குடியிருப்பு: நிலவறைக்குள் போவதா மேலே நிற்பதா என்று அந்த இரண்டு ஆண்களும் பிடித்த சண்டையில் எனக்குப் படம் பார்ப்பதே மறந்துவிட்டது. எங்கள் வீட்டில் இவரும் மாமாவும் பங்கர் வாசலில் நின்று இப்படித்தான் சத்தம் போட்டார்கள். முடிவாக யார் சொன்னது சரி?

அக்கா, வந்த கேள்விகளில் இதற்குத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன்.

கூப்பர் சொல்வது: நிலவறைக்கு ஒரே கதவு, உள்ளேயிருந்து அடைத்துவிட்டால் எவரும் வர முடியாது. பென் சொல்வது: நிலவறைக்கு ஒரே கதவு, அது உடைந்தால் ஓட வழியில்லை. இருவரும் பார்ப்பது ஒரே கதவைத்தான். வன்னியில் பங்கர் வெட்டியவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. ஒரு வாசலா இரண்டு வாசலா, மழை பெய்தால் என்ன செய்வது, கிழவியை எப்படி இறக்குவது என்று அந்தக் குழிகளின் ஒவ்வொரு முழமும் வாக்குவாதத்தோடுதான் வெட்டப்பட்டது.

படம் தரும் தீர்ப்பு எரிச்சலூட்டுவது. கூப்பர் சுயநலக்காரர், கோழை, கத்திக்கொண்டே இருப்பவர். பென் நிதானமானவன், உழைப்பாளி, நமக்குப் பிடித்தவன். ஆனால் கடைசியில் வீடு விழும்போது பென் உயிர் தப்புவது கூப்பர் சொன்ன அதே நிலவறைக்குள். பிடிக்காத மனிதரின் வாயில் சரியான யோசனையை வைத்தால் நாம் அதைக் கேட்போமா என்று ரொமேரோ சோதிக்கிறார். நாம் எவரும் கேட்கவில்லை.

அதற்காகக் கூப்பரே சரி என்றும் சொல்லிவிட முடியாது. எல்லோரும் கீழே இறங்கிக் கதவை அடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கடிபட்ட பிள்ளை அங்கேதானே கிடந்தது. அது செத்து எழும்பும்போது ஆறு பேரும் ஒரே இருட்டுக்குள் அகப்பட்டிருப்பார்கள். ஆகவே என் பதில்: கீழேயும் சரிவராது, மேலேயும் சரிவராது. அந்தப் பிள்ளைக்கு என்ன என்று எல்லோரும் கூடி உண்மையாகக் கதைத்திருந்தால் ஒரு வழி இருந்திருக்கலாம். தகப்பன் அதைக் கதைக்க விடவில்லை. எந்தத் தகப்பன்தான் விடுவான்?

வானொலிக் காட்சிகளையும் சொல்லவேண்டும். முதலில் ‘வீட்டுக்குள் இருங்கள், கதவைப் பூட்டுங்கள்’ என்கிறது. பிறகு தொலைக்காட்சி ‘வீட்டில் இருப்பது ஆபத்து, மீட்பு நிலையங்களுக்குப் போங்கள்’ என்று ஊர்ப் பெயர்களை வரிசையாகக் காட்டுகிறது. இரண்டு அறிவித்தலுக்கும் நடுவில் அகப்பட்டவர்களின் கதை இது. மின்சாரமும் பெற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, தைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட எங்களுக்கு, அவர்கள் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருப்பது பிறநாட்டுக் காட்சியாகத் தெரியாது.

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், ஒட்டுசுட்டான்: எங்கள் ஊரில் முனி இருக்கிறது, கொத்தி இருக்கிறது, காட்டேறி இருக்கிறது. இவை எந்த வகைப் பேய்?

எந்த வகையும் இல்லை ஐயா. அதனால்தான் பழைய ஆட்கள் பலர் ‘இது பேய்ப்படமே அல்ல’ என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எங்கள் முனிக்கு இடம் உண்டு, நேரம் உண்டு. பாலை மரத்தடியில் உச்சிப் பொழுதில் நிற்கக்கூடாது என்று தெரிந்தால் நிற்காமல் விடலாம். கொத்திக்குக் கழிப்புக் கழிக்கலாம். பிடித்த பேயை ஆட வைத்து, ‘நீ யார், உனக்கு என்ன வேண்டும்’ என்று பூசாரி கேட்டால் அது பெயர் சொல்லும், குறை சொல்லும், கோழியும் கேட்கும். பேரம் பேசலாம். இந்தப் படத்தில் வருபவற்றுக்குப் பெயரில்லை, குறையில்லை, பசி மட்டும்தான். வேப்பிலையோடு போனால் வேப்பிலை அடிப்பவரையும் தின்றுவிடும்.

ஏன் எழும்பின என்பதற்கும் படம் ஒழுங்கான காரணம் தரவில்லை. வெள்ளிக் கோளுக்குப் போன விண்கலத்தின் கதிர்வீச்சு என்று தொலைக்காட்சியில் சிலர் தடுமாறிச் சொல்கிறார்கள், அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

ஆசிரியை, வவுனியா: பார்பரா படம் முழுவதும் கதிரையில் பித்துப்பிடித்தவளாக இருக்கிறாள். பெண் என்றால் இப்படியா?

ஒப்புக்கொள்கிறேன் ரீச்சர், படத்தின் மெலிந்த இடம் அது. மற்றப் பெண்களுக்கும் அழுவதையும் கணவனைத் திட்டுவதையும் தவிர அதிக வேலையில்லை. 1990இல் இதே கதையைத் திரும்ப எடுத்தபோது பார்பராவைத் துப்பாக்கி ஏந்த வைத்தார்கள், திரைக்கதை எழுதியதும் ரொமேரோதான். ஆனாலும் எனக்கு முதல் பார்பராவே உண்மையானவளாகப் படுகிறாள். கண்முன்னே அண்ணனைப் பறிகொடுத்தவள் அரைமணி நேரத்தில் ஆயுதம் தூக்குவது சினிமா. மேசைத் துணியைத் தடவிக்கொண்டு பேசாமல் இருப்பவர்களை நீங்களும் நானும் நேரில் பார்த்திருக்கிறோம்.

பல்கலைக்கழக மாணவி, மாங்குளம்: கதாநாயகன் கறுப்பினத்தவர் என்பது திட்டமிட்ட அரசியலா?

எழுதும்போது பென் பாத்திரத்துக்கு நிறம் குறிப்பிடவில்லை. நடிப்புத் தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ்தான் மிகச் சிறந்தவர் என்பதே ரொமேரோ சொன்ன காரணம். ஆனால் படம் வெளிவந்த ஆண்டு என்ன ஆண்டு என்று பாருங்கள். முடித்த பிரதியைக் காரில் ஏற்றிக்கொண்டு நியூயோர்க்குக்கு ஓடிக்கொண்டிருந்த இரவில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ சொல்லியிருக்கிறார். 1968 ஏப்ரல் 4. அதன் பிறகு அந்த முடிவை எவரால் அரசியல் இல்லாமல் பார்க்க முடியும்?

வாசகர், முள்ளியவளை: இரவு முழுவதும் போராடித் தப்பியவனை விடிந்தபின் சுட்டுக் கொல்வதா? இது கதையா, அநியாயமா?

அநியாயம்தான். அதைத்தான் காட்டினார்கள். துப்பாக்கியோடு வந்தவர்கள் கொடியவர்கள் அல்ல. கோப்பி குடித்துக்கொண்டு, பகிடி விட்டுக்கொண்டு, வயலில் பன்றி விரட்டும் சாவகாசத்தோடு வருகிறார்கள். யன்னலில் ஏதோ அசைகிறது, சுடுகிறார்கள். உயிரோடு இருப்பவனா செத்தவனா என்று யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அதன் பின்னர் வருபவை அசையாப் படங்கள்: கொக்கிகள், இழுத்துப்போகும் உடல், விறகுக் குவியல். பத்திரிகைப் புகைப்படம் போன்ற அதே கரடுமுரடு. முடிவை மாற்றச் சொன்ன விநியோக நிறுவனமும் இருந்தது. இவர்கள் மாற்றவில்லை.

முள்ளியவளையிலிருந்து எழுதும் உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

தாய், பரந்தன்: பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

வேண்டாம். 1968இல் அமெரிக்காவில் வயதுத் தரப்படுத்தல் முறை நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன்னரே இது வெளியானதால், பகல் காட்சிகளுக்குச் சிறுவர்களையும் விட்டார்கள். விமர்சகர் ரொஜர் ஈபர்ட் அப்படியொரு காட்சியில் இருந்தார். சிரித்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் பிற்பாதியில் அடங்கிப்போனதையும், ஒரு சிறுமி அசையாமல் இருந்து அழுததையும் எழுதியிருக்கிறார். பதினைந்து வயதுக்குப் பிறகு, நீங்களும் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

வாசகர், மல்லாவி: யூரியூப்பில் நாலைந்து விதமாகக் கிடக்கிறது. எதைப் பார்ப்பது? களவுப் பிரதி இல்லையா?

களவு இல்லை. ஆரம்பத்தில் படத்துக்கு வேறு தலைப்பு. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது, அதோடு இருக்கவேண்டிய உரிமை அறிவித்தல் புதிய பிரதிகளில் விடுபட்டுப்போனது. அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி அதனால் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு வரவேண்டிய பெருந்தொகை வராமலே போனது. எவரும் எங்கும் காட்டலாம் என்பதால்தான் உலகம் முழுவதும் பரவியது, எங்கள் மண்டபத்துக்கும் வந்தது.

நிறம் பூசிய பிரதியைத் தொடாதீர்கள், பிணங்கள் பச்சையாக இருக்கும். சாம்பல் படிந்து முகமே தெரியாத பிரதிகளையும் விடுங்கள். நியூயோர்க் நவீன கலைக் காட்சியகம் 2016இல் மீட்டெடுத்த பிரதி கிடைத்தால் அதைப் பாருங்கள். எங்கள் வட்டத்தில் காட்டியதைவிட அது எவ்வளவோ தெளிவு. கொப்பி வேண்டுமானால் பென் டிரைவ் ஒன்றோடு வாருங்கள், வெறுமையாகக் கொண்டுவாருங்கள். போன முறை கொண்டுவந்ததில் உங்கள் மருமகளின் கலியாண வீடியோ நிறைந்திருந்தது.