வட்டியில்லாத முன்பணம் என்று ஒன்று கிடையாது

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நாட்டுப்படகு வைத்து நண்டு வலை விடுகிறவர். மனைவிக்கு 42 வயது, சினைப்பைப் புற்றுநோய், முற்றிய நிலை. மரபணுப் பரிசோதனையில் பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் கோளாறு தெரியவந்திருக்கிறது. மனைவியின் அம்மாவும் இதே நோயில்தான் போனாராம். சென்னையில் ஒரு மருத்துவமனை, புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் கிளினிக்கல் ட்ரயலில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை போய்வர வேண்டும். "இதற்காக நண்டு வியாபாரியிடம் இன்னும் 2 லட்சம் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஏற்கெனவே 2 லட்சம் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வட்டி கேட்காத மனுஷர். கிலோவுக்கு 60 ரூபாய் குறைத்து எடுப்பார், இனி 100 ரூபாய் குறைப்பேன் என்கிறார். வாங்கலாமா? என் மைத்துனர் வேறு, பெண்பிள்ளைகள் பேரில் கேன்சர் பாலிசி போடச் சொல்லி நச்சரிக்கிறார்" என்று கேட்டிருக்கிறார்.

வாங்கக் கூடாது. ட்ரயலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த வியாபாரியின் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டுப் பணம் ஒழுகுவது அங்கேதான்.

நாளுக்குச் சராசரியாக 10 கிலோ, மாதத்தில் 18 நாள் தொழில் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக 180 கிலோ. கிலோவுக்கு 60 ரூபாய் என்றால் மாதம் 10,800 ரூபாய். வருடத்துக்குச் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். 2 லட்சம் கடனுக்கு இது வருடத்துக்கு 65 சதவீத வட்டி. மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட 3 லட்சத்து 90 ஆயிரம் கொடுத்து முடித்துவிட்டீர்கள், அசல் 2 லட்சம் அப்படியே நிற்கிறது. மூன்று ரூபாய் வட்டிக்கு விடுகிறவரைக் கந்துவட்டிக்காரர் என்று ஊரே ஏசுகிறது. அவர் கணக்கில்கூட வருடத்துக்கு 36 சதவீதம்தான். தராசில் வைத்துக் கழிப்பதால் உங்கள் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். இன்னொரு 2 லட்சம் வாங்கினால் மாதம் 18,000 ரூபாய் கரையிலேயே போய்விடும். ஆபத்துக்கு உதவுகிற மனுஷர் என்று அவரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கு வருத்தமாக இருந்தது.

சரி, ட்ரயலுக்கு உண்மையில் எவ்வளவு பணம் வேண்டும்? 2 லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மருத்துவமனை கேட்டதாகவும் எழுதவில்லை. கேட்டிருந்தால்தான் நீங்கள் பயப்பட வேண்டும். முறையாக நடக்கும் ட்ரயலில் சோதனை மருந்துக்கோ, ட்ரயலுக்காகவே எடுக்கும் பரிசோதனைக்கோ நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. "ட்ரயலில் இடம் பிடித்துத் தருகிறேன், இத்தனை லட்சம் கட்டுங்கள்" என்று எவராவது சொன்னால், அது செல் சிகிச்சையோ வேறு எந்தப் புதுப் பெயரோ, எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவில் நடக்கும் ட்ரயல்களை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். அந்தப் பதிவு எண்ணை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் மூத்த மகள் போனிலேயே அதைப் போட்டுப் பார்த்துவிடுவாள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். உங்கள் மனைவி படிக்கிற மொழியில் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை. அதில் தொழில், ஆண்டு வருமானம் எல்லாம் கேட்பார்கள். நாமினி பெயருக்கும் ஓர் இடம் இருக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், வெறுமனே விட்டுவிடவும் வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் ட்ரயல் விதிகள்படி, ட்ரயலால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். கேடு ட்ரயலால்தான் என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு, உயிருக்கே ஏதாவது ஆகிவிட்டால் அது நாமினிக்குப் போகும். மருந்து பலிக்கவில்லை என்பதற்காக மட்டும் பணம் வராது, இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலை வாங்காமல் திரும்பாதீர்கள். பிடிக்காவிட்டால் எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது.

டாக்டரிடம் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். போக்குவரத்து, தங்கும் செலவைத் தருவார்களா, தருவார்கள் என்றால் படிவத்தில் எழுதியிருக்கிறதா? ட்ரயல் முடிந்த பிறகும் மருந்து கேட்கிறது என்றால் தொடர்ந்து இலவசமாகக் கிடைக்குமா? இரண்டாவதுதான் பெரிய கேள்வி. பி.ஆர்.சி.ஏ. கோளாறு உள்ள புற்றுசெல்லுக்குத் தன் மரபணுவில் விழும் சேதத்தைச் சரிசெய்யும் ஒரு வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும். மிச்ச வழியையும் அடைப்பவை 'பார்ப்' தடுப்பு மாத்திரைகள். அவற்றில் முதலாவதான ஒலாபரிப் 2014 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த வகை மாத்திரைகளை மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில்கூடச் சாப்பிடுகிறார்கள். உங்கள் மனைவிக்குத் தரப்போவது இந்த வகையா, வேறா என்று டாக்டர் சொல்வார். எதுவானாலும், பாதியில் "இனி நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் நாட்டுப்படகு வருமானத்தில் தாங்காது. வேறு மருந்து இல்லாத நிலையில், டாக்டரும் ட்ரயலைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவும் பரிந்துரைத்தால், ட்ரயலுக்குப் பிறகும் இலவசமாகத் தர அதே 2019 விதிகளில் வழி இருக்கிறது. இப்போதே கேட்டு வையுங்கள். ட்ரயலுக்குள் வராத வழக்கமான சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை.

கைச்செலவு மட்டும்தான் மிச்சம். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனைச் சான்று போதும். தங்க, சாப்பிட, ஆட்டோவுக்கு என்று ஒரு தடவைக்கு 3,000 ரூபாய் வைப்போம். முதல் வருடம் 18 தடவை, 54,000 ரூபாய். இதைவிடப் பெரிய செலவு, நீங்கள் கடலுக்குப் போகாத நாட்கள். ஒரு தடவைக்கு மூன்று நாள், ஆக 54 நாள். கைக்கு நாளுக்கு 1,500 நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் 81,000 ரூபாய். மனைவியின் அக்கா தங்கச்சிமடத்தில் இருக்கிறாரே, பாதித் தடவை அவரைத் துணைக்கு அனுப்புங்கள். முக்கியமாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் 61 நாட்களில் நீங்கள் கரையில் இருக்கவே கூடாது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, சரக்குக்கு விலையும் ஏறும். வாடைக் காற்றில் தொழில் இல்லாத நாட்களில் நீங்களே கூடப் போகலாம். இப்படிப் பார்த்தால் தொழில் நஷ்டம் பாதியாகிவிடும், எல்லாம் சேர்த்து வருடம் 95,000, மாதம் 8,000 ரூபாய்.

அந்த 8,000 ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. வீட்டில் 7 பவுன் நகை, மகள் கல்யாணத்துக்கு என்று தொடாமல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் 4 பவுனை வங்கியில் அடகு வையுங்கள், இன்றைய விலைக்கு 2 லட்சம் தாராளமாகக் கிடைக்கும். வருடத்துக்கு 9, 10 சதவீதம் என்றால் மாத வட்டி 1,600 ரூபாய் சொச்சம். அந்தப் பணத்தை அப்படியே கொண்டுபோய் வியாபாரியின் கணக்கை முடியுங்கள். சங்கத் தலைவரை வைத்துக்கொண்டு கொடுங்கள். நீங்கள் எழுதிக்கொடுத்த புரோநோட்டையும் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையையும் அங்கேயே திருப்பி வாங்குங்கள். மறுநாள் முதல் நண்டை நல்ல விலை தருகிறவருக்குப் போடலாம். மாதம் 10,800 மிச்சம், 1,600 வட்டி போனாலும் 9,200 நிற்கும். சென்னைப் பயணம் அதிலேயே நடந்துவிடும். மருத்துவமனை பயணச் செலவைத் திருப்பித் தந்தால் அந்தப் பணம் முழுவதும் நகையை மீட்க.

நகை பெட்டியில் தூங்க, அப்பா வருடத்துக்கு 65 சதவீதம் கட்டுவதால் எந்த மகளின் கல்யாணமும் நடக்காது.

மைத்துனர் சொல்லும் பாலிசி: வருடம் 52,000, இருபது வருடம், முதிர்வுத் தொகையும் உண்டு, பங்குச்சந்தையோடும் இணைந்தது. காப்பீடும் முதலீடும் கலந்த இந்தச் சரக்கில் இரண்டுமே அரைகுறையாகத்தான் இருக்கும். கமிஷன் மட்டும் முழுசாகப் போகும். உங்கள் மனைவிக்கு இப்போது எந்தக் கேன்சர் பாலிசியும் பயன்படாது. பெண்களுக்கு வேண்டுமானால் சாதாரண மருத்துவக் காப்பீடு போடுங்கள், பாட்டிக்கும் அம்மாவுக்கும் இருந்த நோயை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பின்னால் கிளெய்ம் நிற்காது. மரபணு நோய் என்ற காரணத்தைச் சொல்லி ஒட்டுமொத்தமாக ஒதுக்கும் நிபந்தனை பாலிசிகளில் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018-லேயே சொல்லிவிட்டது. உங்கள் மனைவியின் பி.ஆர்.சி.ஏ.1 கோளாறு பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணானாலும் பெண்ணானாலும். பரிசோதனை செய்துகொள்வதா என்பதை 19 வயது மூத்தவள் மரபணு ஆலோசகரிடம் பேசித் தானே முடிவு செய்யட்டும். 15 வயது சின்னவளுக்கு இப்போது அவசரமில்லை.

மைத்துனர் வருத்தப்படுவார், பரவாயில்லை. உங்கள் மனைவிக்குச் சுகமாக வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். ஒப்புதல் படிவத்தின் நகல் கைக்கு வந்ததும், பணம் பற்றிய பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அனுப்பினால் இன்னும் நல்லது.