நாற்பது யோசனைகளும் ஒரு ஃபில்டரும்

அன்புள்ள ஐயா,

காங்கேயம் பக்கம் விவசாயிகளிடையே வேலை செய்யும் சிறு குழு எங்களுடையது. தென்னைக்கு வாய்க்கால் பாசனத்தை விட்டு அவர்களைச் சொட்டுநீருக்கு மாற்ற வேண்டும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து 40 வழிகளைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினோம் (படம் இணைத்திருக்கிறேன்). கூத்து, பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம், சிறந்த விவசாயிக்குப் பரிசு என்று நிறைய இருக்கிறது. எந்த மூன்றை எடுத்துக்கொள்வது?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மிணி,

படத்தைப் பெரிதாக்கி எல்லாச் சீட்டையும் படித்தேன். ஊருக்குப் போய் வந்ததிலிருந்து எனக்கும் இந்தச் சொட்டுநீர் நினைப்புதான். ஊர்வலம் வேண்டாம், வெயிலில் பிள்ளைகள் பாவம். பரிசு எப்படியும் பிரசிடெண்ட் மச்சானுக்குத்தான் போகும். கூத்து போடுங்கள், நானும் வந்து பார்க்கிறேன். அதனால் தண்ணீர் மிச்சமாகும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

ஒருவர் ஒரு காரியத்தைச் செய்யத் திறன், வாய்ப்பு, ஊக்கம் மூன்றும் வேண்டும் என்று 2011இல் சூசன் மிச்சி என்ற பிரிட்டன் உளவியலாளரும் சகாக்களும் எழுதினார்கள். உங்கள் சீட்டுகளில் பெரும்பாலும் ஊக்கம்தான். ஆயிரம் அடி போர் போட்டு, வெறும் புழுதி பறந்ததைப் பார்த்து நின்றவரிடம் போய்த் தண்ணீரின் அருமையைச் சொல்வீர்களா? கொஞ்சம் கூச்சம் வேண்டாமா, கண்ணு?

என் சித்தப்பா தோட்டத்திலும் சொட்டுநீர் போட்டார்கள். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், கைக்காசு செலவில்லை. இப்போது அந்தக் குழாயெல்லாம் சுருட்டிக் கட்டுத்தரையில் கிடக்கிறது. த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி ஒரு மணிக்கு வந்தாலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரை ஓட்டிவிடும், தண்ணீர் வாய்க்கால் வழியே போய் வட்டப்பாத்தியை நிரப்பிவிடும். மின்சாரம் இலவசம். அவர் தூங்கலாம். சொட்டுநீர் என்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், தண்ணீரை அடுத்த பகுதிக்குத் திருப்ப கேட்வால்வை மாற்ற வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. தண்ணீர் சொட்டும் ட்ரிப்பர் வாயில் வெள்ளையாகப் பூத்து அடைத்துக்கொள்ளும். சித்தி ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்து அலுத்துவிட்டார். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே செம்மண் குழம்பு. அணில் கடித்த ஓட்டை வேறு. ஆசிட் விட்டு லைனைக் கழுவ வேண்டும் என்று குழாய் பதித்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்களாம். எவ்வளவு ஆசிட், எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று சொல்ல அப்புறம் ஒருத்தரும் வரவில்லை.

அந்த ராத்திரி ஒரு மணியும் அந்தச் செம்மண் குழம்பும் உங்கள் எந்தச் சீட்டில் இருக்கிறது? வழி யோசிப்பதென்றால் மோட்டார் ரூமில் நின்று யோசியுங்கள். சொட்டுநீரை விடாமல் வைத்திருக்கிறவர்கள் உங்கள் பக்கமே சிலராவது இருப்பார்கள். அவர்கள் தோட்டத்தில் ஒரு ராத்திரி தங்குங்கள். வால்வைத் திருப்புவது யார், ஃபில்டரைக் கழுவுவது யார், அணில் கடித்தால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஃபில்டர் கழுவ ஆள் இல்லாத ஊரில் மற்ற 39 யோசனையும் வீண்.

எந்த மூன்று என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? படத்தின் வலது ஓரத்தில், பாதி பிய்ந்த சீட்டில் ‘ரிப்பேருக்கு ஆள்?’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவரை முதலில் பேச விடுங்கள்.