மகன் நோட்டில் எழுதியதைப் பார்த்துப் பள்ளி கவுன்சலிங் ஆசிரியர் எங்களைக் கூப்பிடுகிறார். போனால் அவன் பெயர் ரெக்கார்டில் ஏறிவிடுமா?

சகோதரி, நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: வீடு கோலாலம்பூர் செந்தூலில். மகன் படிவம் இரண்டு, அதாவது இடைநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது" என்று எழுதி வைத்திருக்கிறான். அடுத்த வாரம் பெற்றோர் இருவரும் வரவேண்டும் என்று கவுன்சலிங் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். ரெக்கார்டு, போலீஸ், சொந்தக்காரர் பேச்சு என்று பயம்.

அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காதீர்கள். இன்று ராத்திரியே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் நாமே அந்த நினைப்பை விதைத்துவிடுவோமோ என்று எனக்கும் பயம் இருந்தது. அப்படி ஆகாது, கேட்பதால் பிள்ளைக்குப் பாரம்தான் குறையும் என்று பிறகு டாக்டர் சொன்னார். "ஆமா" என்று சொன்னாலோ, எப்படி என்றுகூட யோசித்து வைத்திருந்தாலோ, தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளைப் பூட்டிவிட்டு நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நடுராத்திரியில் உங்களுக்கே யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, தாலியான் காசே 15999. இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.

இனி என் கதை. நாங்கள் பினாங்கு, ஜெலுத்தோங் அடுக்குமாடி. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர், அப்போது ராத்திரி ஷிப்ட், ஏழு டு ஏழு. வீட்டுக்காரர் பட்டர்வொர்த்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மகள் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனாள். மலாய் போதவில்லை என்று புகுமுக வகுப்பில் போட்டார்கள். கூடப் படித்த நெருங்கிய தோழி நேரே படிவம் ஒன்றுக்குப் போய்விட்டாள். ஒரு வருடம்தானே என்று நாங்கள் நினைத்தோம். பதிமூன்று வயதில் ஒரு வருடம் பின்தங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தால் வயிற்றுவலி. கோடாலித் தைலம் தேய்த்து அனுப்பினேன். திருஷ்டி சுற்றிப் போட்டேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் படியேற வைத்தேன். (இன்றைக்கும் போகிறோம். அதை விடச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லவில்லை.) வலி நிற்கவில்லை. சனி ஞாயிறில் மட்டும் வராத வயிற்றுவலி என்ன வலி என்று யோசித்திருக்க வேண்டும். வேலை முடிந்து வந்தால் எனக்குத் தூக்கம்தான் வரும், யோசனை வராது.

அந்தச் சமயம் பள்ளியில் மனநலப் பாரம் (கேள்வித்தாள்) ஒன்று கொடுத்தார்கள். டாஸ் என்பார்கள். 21 கேள்வி, போன ஒரு வாரத்தில் எப்படி இருந்தாய் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடவேண்டும். என் மகள் அதைப் பரீட்சை என்று நினைத்து, பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எல்லாவற்றுக்கும் 0 போட்டுவிட்டாள்! பாரத்தை மட்டும் நம்பியிருந்தால் அவள் ரொம்ப நல்லா இருக்கிறாள் என்றுதான் முடிந்திருக்கும். கவுன்சலிங் சிக்கு (ஆசிரியரை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு மலாய்க்காரப் பெண்மணி. அவர் பாரத்தோடு வருகைப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தார். எங்களுக்கு அழைப்பு வந்தது அந்தத் திங்கட்கிழமைகளால்தான்.

ஒரு கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மகளைக் கவுன்சலிங் அறைக்கு ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அறையோ கட்டொழுங்கு ஆசிரியர் அறைக்குப் பக்கத்துக் கதவு. வகுப்பு முழுக்க "என்ன தப்பு பண்ணே?" என்று கேட்டிருக்கிறது. உங்கள் மகனுக்கு இப்படி நடக்கக் கூடாது என்றால் போனதும் முதலில் சொல்லுங்கள்: பெயரைக் கூவாதீர்கள், சீட்டு கொடுத்து அனுப்புங்கள். நான் சொன்ன பிறகு மாற்றினார்கள்.

வீட்டுக்காரர் அன்றைக்குக் கத்தினார். "நம்ம புள்ளைக்கு என்ன பைத்தியமா? இன்னைக்குக் கவுன்சலிங், நாளைக்குத் தஞ்சோங் ரம்புத்தான்!" மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் அது. நம் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லித்தானே பிள்ளைகளையே மிரட்டுகிறோம். நான் தனியாகப் போனேன். ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடு, காத்திருந்த நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். சிக்கு எழுப்பி மைலோ கொடுத்தார். திட்டப் போகிறார் என்று தயாராக இருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உங்க மக ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவா?"

எனக்குத் தெரியவில்லை. நான் வீட்டில் இருந்தால்தானே.

அவள் விடியற்காலை மூன்று மணி வரை முழித்திருக்கிறாள். அப்பா ரோட்டில், நான் தொழிற்சாலையில், வீட்டில் அவளும் ஐந்து வயதுத் தம்பியும். யாராவது கதவைத் தட்டிவிடுவார்களோ என்று சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். என்னிடம் சொன்னால் நான் வேலையை விட்டுவிடுவேன், வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று சொல்லவில்லை. புகுமுக வகுப்பு வருத்தம் உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இது இருந்தது. பள்ளிக்குள் எத்தனை பேர் ஆலோசனை சொன்னாலும் இது தீராது. அதனால்தான் பிள்ளையை மட்டும் அல்ல, வீட்டையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். குற்றவாளிக் கூண்டு என்று நினைத்துப் போய், கேட்டதற்கெல்லாம் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சிக்கு" என்று சொல்லிவிட்டு வந்தால், போனதும் போகாததும் ஒன்று. சண்டை, கடன், குடி, எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.

சுங்கை பாக்காப்பிலிருந்து என் மாமியார் வந்து தங்கினார். ஆறு மாதம் அலைந்து நான் பகல் ஷிப்ட் வாங்கினேன். இடையில் சிக்கு கொடுத்த கடிதத்தோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம், கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள், அது ஐந்து வெள்ளி, ஆனால் தேதி கிடைக்க ஏழு வாரம். மருந்து ஒன்றும் தரவில்லை. நான்கு முறை பேசினார்கள். உங்கள் மகனுக்கு மருந்து தேவைப்படலாம், அதை டாக்டர் சொல்லட்டும். கவுன்சலிங் ஆசிரியர் டாக்டர் இல்லை. நோய்க்குப் பெயர் வைப்பது அவர் வேலையும் இல்லை.

ரெக்கார்டு பற்றி: மகளின் பள்ளி விடுகைச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கவுன்சலிங் என்று ஒரு வார்த்தை இல்லை. பதிவு பெற்ற கவுன்சலர்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லவேண்டிய இடத்தில் சொல்வார்கள், உங்களைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான் இருக்கும். போலீஸ் பயத்துக்குக் காரணம் பழைய சட்டம். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற 309ஆம் பிரிவை 2023இல் எடுத்துவிட்டார்கள். நோட்டில் எழுதியதெல்லாம் அப்போதும் குற்றமில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதையும் சொல்லுங்கள்: 2022இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில், பதின்ம வயது மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு, அதாவது 26.9 விழுக்காட்டினருக்கு, மனச்சோர்வு அறிகுறி இருந்தது. உங்கள் மகன் வகுப்பில் முப்பது பேர் என்றால் எட்டுப் பேர். இதைக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் வாயை மூடினார். ஆனாலும் மூன்றாவது சந்திப்புக்குத்தான் வந்தார். வந்தவர் பேசவில்லை, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

தமிழ்ப்பள்ளியில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள், எல்லாவற்றிலும் முழுநேரக் கவுன்சலர் கிடையாது. என் மகன் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவர்தான் அதையும் சேர்த்துப் பார்க்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கூடாரத்துக்கும் நாற்காலிக்கும் ஒரு மணி நேரம் பேசுகிறோம். இதை ஒரு தடவையாவது கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. என் மலாய் சந்தை மலாய். சிக்கு பேசியதில் பாதி புரியாமல், மகளையே மொழிபெயர்க்கச் சொன்னேன். அவள், "அம்மா, எனக்கு இனிமே ஹோம்வர்க் வேணாம்னு சொல்றாங்க" என்றாள். சிக்குவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஹோம்வர்க் தெரியும். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள், நான் முழித்தேன். உங்களுக்கும் மொழிச் சிக்கல் இருந்தால் பள்ளியில் உள்ள தமிழ் ஆசிரியர் ஒருவரை உட்கார வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள், மகனும் சம்மதித்தால். இல்லை என்றால் தங்கையையோ அண்ணியையோ கூட்டிப் போங்கள்.