கட்டியை எடுத்தாயிற்று, பிறகும் ஏன் கதிர்வீச்சு?

மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த குடும்பங்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவியது. கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள், ஸ்கேனிலும் எதுவும் இல்லை. பிறகு எதற்குக் கதிர்வீச்சு?

கட்டி இருந்த குழியின் சுவரில், ஸ்கேனுக்குச் சிக்காத செல்கள் ஒட்டியிருக்கக்கூடும். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 2017இல் வெளியிட்ட ஆய்வில், கட்டி முழுதாக அகற்றப்பட்டவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். குழிக்குக் குறிவைத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களில் ஓராண்டு வரை அதே இடத்தில் கட்டி திரும்பாதவர்கள் 72%. கதிர்வீச்சு இல்லாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 43%. ஆயுள் கூடியதாக அந்த ஆய்வு காட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் கட்டி திரும்பினால் வலிப்பு வரலாம், ஒரு பக்கம் செயலிழக்கலாம், மறுபடி தலையைத் திறக்க வேண்டியிருக்கலாம். அம்மாவை அதிலிருந்து காப்பதே பெரிய காரியம்.

தலைக்குக் கரண்ட் வைத்தால் ஞாபகசக்தி போய்விடும் என்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுப்பதே முன்பு வழக்கம், அதில் நினைவாற்றல் குறைவது உண்மை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 194 நோயாளிகளிடம், முழு மூளைக்குக் கொடுப்பதையும் குழிக்கு மட்டும் கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். ஆறாம் மாதத்தில் சிந்தனைத் திறன் குறைந்தவர்கள், முழு மூளைக்குப் பெற்றவர்களில் 85%, குழிக்கு மட்டும் பெற்றவர்களில் 52%. வாழ்நாளில் வேறுபாடு இல்லை. இரு பக்கமும் சராசரியாக ஓராண்டை ஒட்டியே இருந்தது.

அதனால் கட்டிகள் ஓரிரண்டு என்றால் குழிக்கு மட்டும் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். இதற்கு ஒரு விலை உண்டு: மூளையின் மற்ற பகுதிகளுக்குப் பாதுகாப்பு இல்லை, அங்கே புதிய கட்டி முளைக்கலாம். எனவே இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்தே தீர வேண்டும். அப்பா நன்றாக இருக்கிறாரே என்று தயவுசெய்து அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

'காமா நைஃப்' என்றால் மறுபடியும் கத்தியா?

கத்தியே கிடையாது, வலியும் இல்லை. குழிக்குக் குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுக்கும் கருவியின் பெயர்தான் அது. தலை அசையாமல் இருக்க முகமூடியோ சட்டமோ பொருத்துவார்கள். சட்டம் என்றால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் குழு 1968இல் முதல் கருவியை இயக்கியது. இன்று லினாக் என்ற வழக்கமான கதிர்வீச்சுக் கருவியிலும் இதே சிகிச்சை நடக்கிறது. சிறிய குழி என்றால் ஒரே நாளில் முடியும். பெரிது என்றால் மூன்று அல்லது ஐந்து தவணை.

ஆடி முடிந்து வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். தையல் ஆறியதும், பொதுவாக ஒரு மாதத்துக்குள், தொடங்குவது நல்லது. குழி நாளுக்கு நாள் சுருங்கி வடிவம் மாறும் என்பதால், சிகிச்சையை ஒட்டிய நாளில் புதிதாக எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான் திட்டமிடுவார்கள். காப்பீட்டு அனுமதிக்கு நாளாகும். அந்த மனுவை இன்றே கொடுத்துவிடுங்கள்.

டெக்சாமெத்தசோன் மாத்திரையால் சர்க்கரை 300க்கு மேல் போகிறது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அது மூளை வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு. சில வாரங்கள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் மூளை வீக்கம் திரும்பலாம், ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கலாம். இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். அவர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பார், தேவையென்றால் இன்சுலின் தருவார்.

கதிர்வீச்சு முடிந்து எட்டு மாதம். ஸ்கேனில் அதே இடம் வெள்ளையாகத் தெரிகிறது. நோய் திரும்பிவிட்டதா?

அப்படியும் இருக்கலாம், கதிர்வீச்சினால் அங்குள்ள திசு மடிந்ததாகவும் இருக்கலாம். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன், சில நேரம் பயாப்சி (சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது) தேவைப்படும். திசு மடிந்ததுதான் என்றால் ஸ்டீராய்டு, பெவசிசுமாப் போன்ற மருந்துகள் உதவும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது புதிய ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பழைய ஸ்கேன் சி.டி.க்கள் அத்தனையும், கதிர்வீச்சு கொடுத்த அளவு எழுதிய தாளும் உடன் இருக்கட்டும்.